நாய்க்குப் போன மஞ்சள் கரு

என் கணவரின் நண்பர் ஒருவர் சுரங்கத்தில் முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே உடல்நல நிபுணராகிவிட்டார். இடையில் எதையும் படித்ததாகத் தெரியவில்லை. ஏதோ ஓட்டலில் இரண்டு நாள் கூட்டம் என்று போனார், சட்டைப் பையில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தார். அதுவரை என்னை "அண்ணி" என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து "மேடம்" என்றார். நாங்கள் அவரை "கோச்" என்று கூப்பிட வேண்டுமாம்.

என் கணவரும் பெல்ட்டில்தான் இருக்கிறார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. நண்பர் கோச் ஆனதும் இவர் அவருடைய முதல் சிஷ்யரானார். காலை ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான வடக்குத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே நண்பர் கட்டிய சொந்த வீட்டின் முன் அறைதான், எடை குறைக்க வருகிறவர்கள் கூடிப் புரோட்டீன் பவுடர் குடிக்கிற கிளப்.

"ஒரே ஒரு நாள் வந்து பாரு. புடிக்கலன்னா வுட்டுடு" என்று ஒரு மாதம் நச்சரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மூலையில் மிக்ஸியும் பெரிய டப்பாக்களும். சுவரில் ஒரு ஃபிளெக்ஸ்: இடது பக்கம் தொப்பையோடு ஓர் ஆள், வலது பக்கம் அதே ஆள் தொப்பை இல்லாமல். இரண்டும் ஒரே ஆள்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். காதுகள் வேறு மாதிரி இருந்தன. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்த முகங்கள்: சுரங்கத்தின் பர்மனென்ட் ஆட்கள், அவர்களுடைய மனைவிகள், ஓய்வு பெற்ற ஒரு போர்மேன். ஒவ்வொருவராக எழுந்து எத்தனை கிலோ குறைந்தது என்று சொல்லச் சொல்ல மற்றவர்கள் கை தட்டினார்கள். எடை குறையாதவர் இடுப்புச் சுற்றளவில் "இன்ச் லாஸ்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். வாழ்நாள் முழுக்க யாரிடமும் ஒரு பாராட்டு வாங்காத ஆட்கள் இத்தனை பேர் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னை ஒரு மெஷினில் ஏற்றிக் கையில் ஒரு பிடியைக் கொடுத்தார்கள். கோச் திரையைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்க வயசு அம்பத்திரெண்டு. பாடி ஏஜ் எழுவத்தொண்ணு காட்டுது."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"கரண்ட் உடம்புக்குள்ள போயி பாத்துகினு வருது மேடம்." பிறகு நோட்டைப் புரட்டினார். "காலைல டிபன் என்ன?"

"இட்லி."

"அது வெறும் மாவுச்சத்து மேடம். புரோட்டீன் எங்க? புரோட்டீன்தான் எனர்ஜி. அது இல்லன்னா உடம்பு பெட்ரோல் இல்லாத வண்டி மாதிரி நின்னுடும்."

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இருபத்தாறு வருஷமாக இதே பாடத்தை நடத்துகிறேன். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உடம்பு பெட்ரோல் மாதிரி எரிக்கறது முதல்ல மாவுச்சத்து, அப்புறம் கொழுப்பு. புரதம் கட்டுமானத்துக்கு. தசை, ரத்தம், தோல், எலும்புக்கு உள்ள இருக்கிற சட்டம், செரிமானத்துக்குச் சுரக்கிறது, நோயை எதிர்க்கிறது எல்லாம் அதுலதான் ஆகுது. தினம் கொஞ்சம் தேயும், தினம் கொஞ்சம் கட்டணும். சேத்து வைக்க உடம்புல கிடங்கு கிடையாது. இட்லில உளுந்து இருக்கு. அதுவும் புரதம்தான். அரிசில குறையறத உளுந்து ஈடு கட்டும்."

பிறகு அத்தனை பேரும் எனக்குக் கை தட்டினார்கள். கோச் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"பாத்தீங்களா? டீச்சரே சொல்லிட்டாங்க, புரோட்டீன் முக்கியம்னு!"

வீட்டுக்கு வரும் வழியில் இவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்து, "நல்லாப் பேசுன" என்று இரண்டு முறை சொன்னார். பவுடர் டப்பாவும் வாங்கி வந்திருந்தார்.

அதன் பிறகு எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் என்ன நடந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. காலையில் சாக்லேட் வாசனையோடு ஒரு பெரிய கிளாஸ் பவுடர் கரைசல். இரவில் வெனிலா வாசனையோடு இன்னொன்று. நடுவில் ஆறு முட்டை அவித்து வெள்ளைக் கரு மட்டும். மஞ்சள் கருவில் கொழுப்பு என்று கோச் சொல்லியிருந்தார். ஆறு மஞ்சள் கருவையும் ஒரு தட்டில் ஒதுக்கி வைப்பார். நான் அதை எடுத்துப்போய் வாசலில் எங்கள் பிளாக் நாய்க்கு வைப்பேன். இரண்டே மாதத்தில் அந்த நாயின் ரோமம் பளபளத்தது. தெருவில் போகிறவர்கள் அது யார் வளர்க்கிற நாய் என்று கேட்டார்கள்.

அந்த மஞ்சள் கருவை நீ ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்படி ஒரு யோசனையே எனக்கு வரவில்லை. நான் பிறந்த வீட்டில் முட்டை அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும். புகுந்த வீட்டில் கணவருக்கும் மகனுக்கும். யாரும் எனக்குத் தரமாட்டேன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பத்திலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்தால் எண்ணிக்கையாக ஆறு துண்டு போட்டுக் குழம்பு வைப்பேன். இவருக்கு மத்தியானம் மூன்று, ராத்திரிக்கு இரண்டு. மிச்சமுள்ள ஒன்று மறுநாள் இவர் டிபன் கேரியரில் போகும். எனக்குக் குழம்பு. குழம்பில்தான் மீன் வாசனை இருக்கிறதே. மகன் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு ஒரு பங்கு மிஞ்சியது. அதுவும் என் தட்டுக்கு வரவில்லை, இவர் தட்டுக்குப் போனது.

தினமும் பத்து மணிக்கு இதே கையில் சாக்பீஸைப் பிடித்து, வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நடுவயதைத் தாண்டிய பெண்கள், இவர்களுக்கெல்லாம் புரதம் எவ்வளவு முக்கியம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். கோச்சைக் கேவலமாக நினைத்தேன். ஒரு அரைகுறை ஆள் தனக்குத் தெரியாததை விற்கிறான் என்று நினைத்தேன். தனக்குத் தெரிந்ததைத் தான் தின்னாத ஒருத்தியைப் பற்றி அப்போது நான் எதுவும் நினைக்கவில்லை.

அது நடந்தது பள்ளி ஆய்வகத்தில். பத்தாம் வகுப்புக்குப் புரதச் சோதனை செய்து காட்டிக்கொண்டிருந்தேன். முட்டையின் வெள்ளைக் கருவைத் தண்ணீரில் கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி, மேலே சில துளி காப்பர் சல்பேட் விட்டால் ஊதா நிறம் வரும். ஊதா வந்தால் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அந்த நிறம் பிடிக்கும். காப்பர் சல்பேட் புட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. குந்தி உட்கார்ந்து எடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

வலி ஒன்றும் இல்லை. தொடைகளுக்கு எழுந்திரு என்று சொல்கிறேன், அவை கேட்கவில்லை, அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அலமாரியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து எழுந்தேன். பாதி எழுந்ததும் முழங்கால் மடங்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது, உலர்ந்த குச்சியை முறிப்பது போல. புட்டி உடையவில்லை. அதை இடது கையில் நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி ஓடி வந்து தூக்கினாள். "மிஸ், நீங்க ரொம்ப லேசா இருக்கீங்க மிஸ்" என்றாள். அந்த நேரத்திலும் அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு சரியாகக் கூடவில்லை. எலும்பு டாக்டர் மறுபடி கட்டுப் போட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, பொது மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அந்த மருத்துவர் ஓர் இளம் பெண். முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. இவர் என்னோடு உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரத்தம் கம்மியா இருக்கு. வைட்டமின் டி ரொம்பக் கம்மி. நேத்து காலைலேருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"காலைல காபி. அப்புறம் மூணு இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. சாயங்காலம் காபி, ரெண்டு முறுக்கு. ராத்திரி சாதம், சாம்பார்."

"சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடுவீங்க?"

"ஒரு கைப்பிடி."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

"எத்தனை வேளைக்கு?"

நான் யோசித்தேன். "ரெண்டு வேளை. சில நாள் மூணு வேளை."

அவர் எழுதிக்கொண்டே போனார். "இட்லிக்கு உளுந்து?"

கிளப்பில் அத்தனை பேர் முன்னால் பெருமையாகச் சொன்னேனே, அதே உளுந்து. "ஆறு பங்கு அரிசிக்கு ஒண்ணு" என்றேன். ஒரு காலத்தில் நாலுக்கு ஒன்று போட்டது. எப்போது ஆறானது என்று எனக்கே தெரியாது.

"பால், தயிர்?"

"தயிர் அவருக்கு."

"முட்டை, மீன்?"

"வீட்டுல செய்வோம்."

"செய்வீங்க சரி. நீங்க சாப்பிடுவீங்களா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

இருபத்தாறு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது அன்றைக்குத்தான். "சயின்ஸ்."

அவர் கேலியாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. "கைய ரெண்டையும் நெஞ்சுல வச்சுக்கிட்டு, எதையும் பிடிக்காம நாற்காலிய விட்டு எழுந்திருங்க" என்றார். முதல் தடவை எழுந்தேன். இரண்டாம் தடவை முன்னால் ஆடித்தான் எழ முடிந்தது. நாலாவது தடவை எழவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"தசை கரைஞ்சுக்கிட்டிருக்கு. இந்த வயசுல தானாவே கொஞ்சம் கரையும். நீங்க கட்டுறதுக்குச் சாமானே குடுக்கல. எலும்பு கூடறதுக்கும் அதே சாமான்தான் வேணும். உங்க எடையில கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தினம் உள்ள போகணும். நீங்க சொன்ன சாப்பாட்டுல அதுல பாதி கூடத் தேறாது. ஒரே வேளையில கொட்டாதீங்க, மூணு வேளையும் பிரிச்சு சாப்பிடுங்க."

இந்த இடத்தில் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்தது கவலை என்று சொல்ல மாட்டேன்.

"நான் சொல்லிகினே இருக்கேன் டாக்டர். பவுடர் குடின்னு. கேக்கறதே இல்ல. நான் ரெண்டு வேளை குடிக்கறேன். வெள்ளைக் கரு ஆறு. என்னப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். "உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இருந்திச்சு."

"இருந்திச்சுன்னா?"

"மாத்திரைய வுட்டு மூணு மாசமாச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். மாத்திரை டப்பா வழக்கமான இடத்தில்தான் இருந்தது. தினமும் கண்ணில் படுகிற பொருளை யார் திறந்து பார்ப்பார்கள்? டாக்டர் என்னை அப்படியே விட்டுவிட்டு அவருக்கு ரத்தமும் சிறுநீரும் எழுதிக் கொடுத்தார். மறுநாள் முடிவை வாங்கிக்கொண்டு இருவரும் மறுபடி அவரிடம் போனோம். சர்க்கரை எகிறியிருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. சிறுநீரில் புரதம்.

"என்னங்க டாக்டர், புரோட்டீன் இருந்தா நல்லதுதானே?" என்று கேட்டார் என் கணவர். நிஜமாகவே கேட்டார்.

"ரத்தத்துல இருந்தா நல்லது. யூரின்ல வந்தா சிறுநீரக வடிகட்டி பழுதாகுதுன்னு அர்த்தம். இது மூணு மாசத்துல வந்தது இல்ல. பல வருஷமா சர்க்கரைய சரியா வைக்காததால வந்தது. அதுக்கு மேல மாத்திரையையும் நிறுத்திட்டு, இவ்வளவு புரதத்த உள்ள தள்ளியிருக்கீங்க. பழுதான வடிகட்டிக்கு வேலைய ரெட்டிப்பாக்குறீங்க. இன்னைலேருந்து பவுடர் கிடையாது. உங்களுக்குப் புரதம் அளவாத்தான்."

பிறகு என்னைக் காட்டி, "உங்க பங்கு அவங்களுக்குப் போகணும்" என்றார். அவர் முகத்தில் இப்போதும் சிரிப்பு இல்லை.

ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒருத்தருக்கு அது தேவைக்கு மேல் போய்ச் சிறுநீரில் ஒழுகுகிறது. இன்னொருத்திக்கு மணிக்கட்டு ஒட்டக்கூட அது இல்லை. அந்த வீட்டில் சமைத்தவள் நான், பரிமாறியவளும் நான்.

வெளியே வந்ததும் இவர் மரத்தடியில் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சாவியைப் போடவில்லை.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாருங்க?" என்று கேட்டேன்.

"அவன் அப்புடி சொல்லல. உடம்பு தேறிச்சுன்னா தானா தேவைப்படாதுன்னு சொன்னான்."

"தேறிச்சுன்னு யார் சொன்னா?"

"மெஷின்ல பாடி ஏஜ் நாப்பத்தொண்ணு காட்டிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், மாவுக்கட்டோடு, நிறுத்த முடியாமல் சிரித்தேன். சிரித்து முடித்தபோது அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. பயந்த முகம் அது. முப்பது வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டோ பிடித்து வடக்குத்துக்குப் போனேன். மிச்சமிருந்த பவுடர் டப்பாக்களை ஒரு பையில் போட்டு இடது தோளில் மாட்டியிருந்தேன். கிளப் முழு ஜோரில் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு புது ஆளுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு நான் நுழைந்ததும் கோச் எழுந்து வந்தார்.

"வாங்க மேடம், கை எப்புடி இருக்கு? அன்னிக்கே சொன்னேன்..."

"அவருக்கு மாத்திரை தேவைப்படாதுன்னு சொன்னீங்களா?"

"மேடம், உக்காருங்க. உள்ள போயி பேசுவோம்."

"இங்கயே பேசலாம். இவங்கள்ல எத்தனை பேரு மாத்திரைய நிறுத்திட்டாங்க?"

நாற்காலிகள் பக்கம் திரும்பிக் கேட்டேன். ஓய்வு பெற்ற அந்த போர்மேன் தன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அவரை முறைத்தார். அது போதும்.

"அவருக்குக் கிட்னி பாதிச்சிருக்கு. சுகர் இருக்கிறவங்க, பிரஷர் இருக்கிறவங்க ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தமும் யூரினும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க. அப்புறம் இதக் குடிக்கறதா வேண்டாமான்னு டாக்டர் சொல்வாங்க. இவரு சொல்லக் கூடாது. இவருக்கு என்ன தெரியும்? பெல்ட் ஓட்டத் தெரியும். நல்லா ஓட்டினாரு, நான் இல்லன்னு சொல்லல."

கோச் என் பையைப் பிடித்து மெதுவாக வெளியே அழைத்து வந்தார். கேட்டுக்கு அருகில் வந்ததும் குரல் மாறியது.

"அண்ணி, எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க? எனக்கு மேல ஒருத்தன் இருக்கான், அவன் சொல்றத நான் சொல்றேன். வூட்ல சும்மா உக்காந்துகினு இருந்தா யாரு அண்ணி மதிக்கிறாங்க? இங்க வந்தா கோச்சுன்னு கூப்புடுறாங்க."

அவரும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் அதே பவுடரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்துச் சதை தொங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் என்பதற்காக அடுத்தவர் மாத்திரையில் கை வைப்பவரை மன்னித்துவிடுகிற மனசு எனக்கு இல்லை. டப்பாக்களை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். கிளப் இப்போதும் நடக்கிறது. நாலைந்து பேர் குறைந்ததாகக் கேள்வி.

வீட்டில் மாற்றம் கொண்டுவருவதுதான் கிளப்பில் கத்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது. சமைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. பருப்பை இரண்டு மடங்காக்கினேன். இட்லிக்கு மறுபடி நாலுக்கு ஒன்று உளுந்து. சாயங்கால முறுக்குக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், இல்லையென்றால் அவித்த நிலக்கடலை. இந்தப் பக்கத்தில் அதை மல்லாட்டை என்பார்கள், இவருக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் சொந்த ஊர், சீசனில் மூட்டையாக வீட்டுக்கு வரும். வருஷா வருஷம் வந்ததுதான். பக்கத்து வீடுகளுக்கு முறத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு நான் கடையில் முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன்.

கஷ்டம் தட்டில்தான். டாக்டரைப் பார்த்த பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. இவர் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவேன். அன்று இரண்டு தட்டு வைத்தேன். இடது கையால் கரண்டியைப் பிடித்து ஒரு துண்டு அவருக்குப் போட்டேன். பிறகு என் தட்டில் ஒன்று போட்டேன். இன்னொன்றும் போட்டேன். கரண்டியைக் குழம்பில் வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

இவர் என் தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். டாக்டர் சொன்ன அளவு."

"ஒனக்கு ரெண்டு."

"ஆமா."

கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தார். பிறகு, "இத்தினி வருஷம் நீ துண்டு சாப்புட்டதே இல்லியா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காக நான் அவரை வெறுத்தேன் என்று எழுதினால் அது பொய்யில்லை. எதிரே உட்கார்ந்தே பார்த்திராத மனுஷன், முப்பது வருஷம் கழித்து ஆச்சரியப்படுகிறார். ஆனால் பார்க்க முடியாதபடி, அவர் எழுந்து கை கழுவப் போன பிறகே உட்கார்ந்தது யார்? முப்பது வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைச் செய்தவள் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

"முள்ளு இருக்கு, பாத்து சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எதிர்ப்பு ஒன்றும் காட்டவில்லை. பயம் அவரைப் பணியவைத்திருந்தது. மாத்திரையை என் எதிரில்தான் போட வேண்டும் என்று சொன்னேன், போடுகிறார். கிரியாட்டினின் அதற்குப் பிறகு ஏறவில்லை. இறங்கவும் இல்லை, இனி இறங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மணிக்கட்டு கூடிவிட்டது, மழை நாளில் விறைக்கும். நாற்காலியிலிருந்து எதையும் பிடிக்காமல் பத்து தடவை எழுந்து உட்காருகிறேன். தினம் காலையில் குக்கர் விசில் வருவதற்குள் அதை முடித்துவிடுவேன்.

பள்ளியில் ஸ்டாப் ரூமில் எங்களோடு சாப்பிடுகிற ஒன்பது பேரும் பெண்கள். மாவுக்கட்டு அவிழ்த்த வாரம் நான் ஒவ்வொருவரிடமும் அந்த டாக்டர் கேட்டது போலவே கேட்டேன். ஒருத்தர் விடாமல் என் கதைதான். புளிசாதம், உருளைக்கிழங்கு. தயிர்சாதம், ஊறுகாய். எல்லாரும் பட்டதாரிகள், பாதிப்பேர் முதுகலை. "வீட்டுல எல்லாருக்கும் போக எனக்கு மிச்சம் இருக்கணுமே டீச்சர்" என்றார் ஒருவர், ரொம்ப நியாயமான விஷயத்தைச் சொல்வது போல. நான் கோபத்தில் கத்திவிட்டேன். இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தமிழ் டீச்சர் பச்சைப்பயறுச் சுண்டல் கொண்டுவந்து எல்லாருக்கும் நடுவில் வைத்தார். அன்றிலிருந்து சில பேர் மட்டும் அப்படிக் கொண்டுவந்தார்கள்.

கணக்கு டீச்சர் கடைசிவரை மசியவில்லை. என்னைவிட இளையவர், பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன் உண்டு. போன வாரம் மத்தியானம் அவருடைய டிபன் பாக்ஸில் ஓர் அவித்த முட்டை இருந்தது. எனக்கு ஆச்சரியம். அவர் அதை ஸ்பூனால் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியை மூடியில் எடுத்து வைத்து, மேலே ஒரு காகிதத்தைப் போட்டு மூடினார்.

"அது எதுக்கு?" என்றேன்.

"பையன் சாயங்காலம் வந்து சாப்பிடுவான்."

"அவனுக்குக் காலைல குடுத்தீங்களா?"

"குடுத்தேன், ஒண்ணு."

"அப்ப இது உங்களோடது. முழுசா சாப்பிடுங்க."

"இல்ல டீச்சர், பரவால்ல..."

"சாப்பிடுங்க."

என் குரல் வகுப்பில் வருவது போல வந்துவிட்டது. மற்றவர்கள் தலையைக் குனிந்து தங்கள் சாப்பாட்டைப் பார்த்தார்கள். அவர் காகிதத்தை எடுத்தார். அந்தப் பாதியை வாயில் போட்டு, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெல்ல ஆரம்பித்தார். மணி அடித்துவிட்டது. எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது. அவர் விழுங்கி முடிக்கிறவரை நான் எழவில்லை.